விலங்கு: தளையும் துணையும்

தமிழில் விலங்கு என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று உயிரினம், மற்றது கைகால்களைப் பிணிக்கும் தளை. மனம் முறிந்தோரை மேலைநாடுகள் நடத்திய வரலாற்றைப் படிக்கையில், ஒரு விலங்கின் இடத்துக்கு மற்றொன்று வந்த கதையாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சித்தம் கலங்கியவர், அறிவை இழந்து மிருகநிலைக்கு இறங்கியவராகவே பெரிதும் கருதப்பட்டார். ஆகவே சங்கிலியால் பிணிப்பதைக் கொடுமையென்று பலர் எண்ணவில்லை. 1790-இல் ஹன்னா மில்ஸ் என்ற கைம்பெண் யார்க் நகரின் மனநோயர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவினர். அவரைக் காண வந்த சமயத்தார் அனுமதிக்கப்படவில்லை. சில வாரங்களில் அவர் இறந்தார். இம்மரணம் குவேக்கர்களின் மனத்தை உறுத்தியது. வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகரின் முயற்சியால் 1796-இல் யார்க்கில் 'ரிட்ரீட்' என்னும் புகலிடம் திறக்கப்பட்டது.

அங்கே சங்கிலிக்கு இடமில்லை. நோயாளிகள் உலவிய முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்காகங்களும் வல்லூறுகளும் வளர்க்கப்பட்டன. அவற்றோடு பழகுவது நோயாளிகளிடம் பரிவுணர்ச்சியை எழுப்புவதாக, வில்லியமின் பேரர் சாமுவேல் டியூக் 1813-இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார். இதன் உட்பொருளை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மிருகமென்று ஒதுக்கப்பட்டவர் கையில் ஓர் எளிய உயிரை ஒப்படைப்பது, அவரை மனிதரென்று ஒப்புக்கொள்வதாகும். அதுவரை பிறர் கண்காணிப்பில் மட்டுமே இருந்தவர் இப்போது ஒன்றைக் காப்பவராகிறார்.

இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் இதே எண்ணம் அமெரிக்காவில் மீண்டும் தலைகாட்டியது. நியூயார்க் மாநிலத்தின் பாலிங் என்னுமிடத்தில், உடலும் மனமும் நொந்து திரும்பிய வான்படையினருக்கெனத் தேறுதல் இல்லம் ஒன்று நடந்தது. வீரர்கள் அங்கே பண்ணை விலங்குகளைப் பேணினர். குண்டுவீச்சைக் கண்டு வந்தவர்கள் கோழிக்கு இரையிட்டனர்.

மருத்துவ உலகம் இதைக் கருத்தில் கொள்ளத் தாமதமாயிற்று. குழந்தைகளின் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரோடும் ஒட்டாத சிறுவனொருவன் தம் நாய் ஜிங்கிள்ஸிடம் நெருங்கியதைக் கண்டு, 1962-இல் கட்டுரை எழுதினார். சக அறிஞர் சிலர் நகைத்தனர். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்குத் தனிப்பெயர் கொடுத்து அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சேர்த்ததே 1980-இல்தான். 2024-இல் வெளியான ஆய்வொன்று, அந்நோயுற்ற 156 படைவீரர்களையும் முன்னாள் வீரர்களையும் மூன்று மாதங்கள் கவனித்தது. வழக்கமான சிகிச்சையோடு பயிற்சி பெற்ற நாயையும் பெற்றவர்களிடம், நாய்க்காகக் காத்திருந்தவர்களைவிட நோய்க்குறிகள் குறைந்திருந்தன.

நாய் சிகிச்சைக்கு மாற்றன்று, துணை மட்டுமே. ஆயினும் மனிதரால் புண்பட்டவருக்கு மனிதரை மீண்டும் நம்புவது எளிதன்று. நாய் நடந்ததைக் கேட்பதில்லை. வேளைக்குப் பசிக்கிறது, வெளியே போக வாசலில் நிற்கிறது. தம்மைப் பேணவும் மனமற்றுக் கிடப்பவர் அதற்காகவேனும் எழுந்து கதவைத் திறக்கவேண்டியிருக்கிறது. யார்க்கின் முற்றத்தில் முயலுக்குப் புல் பறித்துப் போட்டவருக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.