ஒரே கடைவாய்ப்பல்லில் இரண்டு காலங்கள்: குழந்தைப் பருவக் கீமோதெரபியும் பல்வேரும்

ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகளின் பற்களைப் பற்றிய பேச்சில் ஒரு முடிவு நெடுநாளாக நிலைத்திருக்கிறது. பல்லைக் கெடுப்பது தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சுதான், மருந்தின் பங்கு எனாமலில் தெரியும் சில வெள்ளைத் திட்டுகளோடு முடிந்துவிடும் என்பது அது. இன்றைய சிகிச்சையில் கதிர்வீச்சு வெகுவாகக் குறைந்துவிட்டதால் பல் கோளாறும் தானே குறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதிலிருந்தே பிறந்தது. இம்முடிவின் இரு பாதிகளும் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். மருந்து தன் தடத்தை வேரில் விட்டுச் செல்கிறது. எனாமல் திட்டுகளோ, குறைந்தபட்சம் கொங்கு வட்டாரத்தில், எதற்கும் ஆதாரமாகா.

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தமிழக மாவட்டங்கள் என்று அரசுப் பட்டியல்கள் காட்டுவனவற்றில் கோவையும் ஈரோடும் உண்டு. அவ்விரண்டிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துத்தான் 2009இல் திருப்பூர் மாவட்டம் அமைந்தது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டுநிலம் ஆதலால் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே வாழ்ந்த பகுதி இது. பவானி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஆகஸ்டில்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்து வளரும் பிள்ளையின் பல்லில் முதலில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு காவிக் கறை ஏறும். ‘காவிப் பல்’ என்று சொல்லி ஊர் அதைக் கடந்துவிடும். பனியன் கம்பெனி வேலைக்காகத் திண்டுக்கல்லிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில், பிள்ளை எந்த வயதில் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தது என்று பெற்றோராலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இத்தகைய இடத்தில் சிகிச்சை பெற்ற குழந்தையின் எனாமலில் ஒரு திட்டைக் கண்டதும் அதைக் கீமோதெரபியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அப்படியானால் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லையா? உண்டு. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அதற்கு உதவும். அதன் சுண்ணமேற்றம் (கால்சியம் படிந்து கெட்டியாதல்) பிறப்பையொட்டித் தொடங்குகிறது. ஏறத்தாழ மூன்று வயதுக்குள் மகுடம் முழுமை பெறுகிறது. வேர் ஒன்பது, பத்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் மிகுதியாகத் தாக்கும் வயது இரண்டு முதல் ஐந்து. நான்கு வயதில் சிகிச்சை தொடங்கிய குழந்தை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதன் முதல் கடைவாய்ப்பல் எனாமல் அப்போதே உருவாகி முடிந்துவிட்டது. அதில் திட்டு இருந்தால் காரணம் அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் இருக்க வேண்டும். நீராக இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம், கீமோதெரபியாக இருக்க முடியாது. அதே பல்லின் வேரோ மருந்து ஏறிய மாதங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. அது குட்டையாக நின்றுபோயிருந்தால் அக்கேள்விக்கு நீர் பதிலாகாது. எந்தப் பல், எந்த வயதில் சிகிச்சை என்று பிரிக்காமல் எனாமல் குறைகளை மொத்தமாக எண்ணிய கணக்குகள் இதனாலேயே பயன்படாமல் போகின்றன.

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 1997இல் வெளிவந்த ஆய்வு. லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட 423 பேரின் முழுத்தாடை எக்ஸ்ரேக்களை, அதாவது நம் பல் மருத்துவமனைகளில் ஓ.பி.ஜி. எனப்படும் படங்களை, அது ஆராய்ந்தது. குட்டை வேர் 24.4 விழுக்காட்டினரிடம், அளவில் சிறுத்த பல் 18.9 விழுக்காட்டினரிடம், பல் உருவாகாமை 8.5 விழுக்காட்டினரிடம் தென்பட்டன. தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் குறைகள் கூடுதல். எட்டு வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களிடமும் கூடுதல். கதிர்வீச்சே காரணம் என்ற தரப்பு முதல் செய்தியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது.

எண்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க வேண்டும். பல் உருவாகாமை 8.5 என்பது அச்சமூட்டலாம். ஆனால் ஞானப்பல்லை நீக்கிப் பார்த்தாலும் பொது மக்களிடமே அது ஏறத்தாழ 6 விழுக்காடு. இயல்பாகவே அடிக்கடி இல்லாமல் போகும் கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லின் சுண்ணமேற்றம் இரண்டேகால் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நான்கு வயதில் சிகிச்சை பெற்றவருக்கு அந்தப் பல் இல்லையென்றால் மருந்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. இந்த எண்ணை வாதத்திலிருந்து விலக்கிவிடுவதே நேர்மை. சிறுத்த பல்லிலும் ஒரு பகுதி இயல்பானது. மேல் பக்க வெட்டுப்பல் ஆணிபோல் கூம்பியிருப்பதை எந்தப் பல் மருத்துவரும் பார்த்திருப்பார். குட்டை வேர் அப்படிப்பட்டதல்ல. இயல்பில் அது அரிது. வந்தாலும் பெரும்பாலும் மேல் நடு வெட்டுப்பற்களோடு நின்றுவிடும். நான்கில் ஒருவரிடம் வேர் குட்டையாக இருப்பதை இயற்கையின் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது.

கதிர்வீச்சு இதை முழுமையாக விளக்குமா? ரத்தப் புற்றுநோய்க்குத் தலைக்குத் தரப்பட்ட வழக்கமான அளவு 18 முதல் 24 கிரே (கதிர்வீச்சின் அலகு). கதிர்ப்புலத்தின் கீழ் விளிம்பு மண்டையோட்டு அடித்தளத்தை ஒட்டிச் செல்லும். மேல் பின்பற்கள் அதன் ஓரத்தில் வரலாம், கீழ்த்தாடை பெரும்பாலும் வெளியே இருக்கும். எனவே கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் குறுகினால் வேறு காரணத்தைத் தேட வேண்டியதாகிறது. காரணமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நம் தென் மாவட்டங்களில் வணிகப் பயிராக விளையும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின், செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்துப் பிரிவை நிறுத்துகிறது. எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்திசுவான டென்டினைச் சுரக்கும் செல்களுக்கும் அதே நுண்குழல்கள்தாம் போக்குவரத்துப் பாதை. இம்மருந்து பெற்ற குழந்தைகளிடம் பிடுங்கப்பட்ட பற்களைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், மருந்து ஏறிய காலங்களுக்கு ஒத்த அழுத்தமான கோடுகள் டென்டினில் இருப்பதை 1980களிலேயே பதிவு செய்தனர்.

2009இல் வெளியான, 9,308 மீண்டவர்களையும் அவர்களது உடன்பிறந்தோர் 2,951 பேரையும் ஒப்பிட்ட வட அமெரிக்க ஆய்வை எதிர்த்தரப்பு முன்வைக்கும். பற்களில் 20 கிரேவுக்கு மேல் பட்டால் ஆபத்து பல மடங்கு என்று அது காட்டியது உண்மை. ஆனால் ஐந்து வயதுக்குள் நோய் கண்டவர்களில் ஆல்கைலேட்டிங் வகை மருந்தின் அளவு கூடக்கூடப் பல் குறைகளும் கூடியதை அதே ஆய்வு காட்டுகிறது. வினாத்தாள் வழித் தரவு என்பதால் அதன் மீது அளவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது. எனினும் மருந்தை விடுவிக்கும் சான்று என்று அதை யாரும் காட்ட முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைவான விவாதமல்ல. 1984 முதல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகிய மூன்றும் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சை நெறிமுறையைப் பின்பற்றின. ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த, நோய் திரும்பாமல் பிழைப்போர் விகிதம் 45–60 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. டாக்டர் வி. சாந்தா காலத்து அடையாறின் பெரும் சாதனைகளில் அது ஒன்று. அந்த நெறிமுறையில் கதிர்வீச்சும் இருந்தது, வின்கிறிஸ்டினும் இருந்தது, ஆல்கைலேட்டிங் வகையைச் சேர்ந்த சைக்ளோபாஸ்பமைடும் இருந்தது. கதிர்வீச்சை விலக்கிய பின்னும் மற்ற இரண்டும் பல நெறிமுறைகளில் தொடர்கின்றன. உயிர் காத்த மருந்துகள் அவை. அவற்றைக் குறைக்க வேண்டும் என்பதல்ல இங்கே சொல்வது.

ஊட்டக்குறைவு, காய்ச்சல், ஆன்டிபயாட்டிக் ஆகியவையே காரணமாகலாம் என்பாரும் உண்டு. அவை எனாமலைத் தொடும். வளர்ந்துகொண்டிருக்கும் வேரை இப்படிக் குறுக்குவதற்கு அவை போதா. ஓ.பி.ஜி. படத்தில் அளவு சற்றுத் திரியும் என்ற மறுப்பில் கூடுதல் பொருள் உண்டு. வேரின் நீளத்தைத் தனியே அளக்காமல் மகுடத்தோடு விகிதமாகக் கணக்கிடும் முறையைப் பின்லாந்து ஆய்வாளர்கள் பயன்படுத்திக் காட்டிவிட்டதால், அதுவும் இப்போது கடக்கக்கூடியதே.

நடைமுறையில் இதன் விளைவு பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வெளிப்படும். பல் வரிசையைச் சீராக்கக் கம்பி போட வேண்டும் என்று பிள்ளையை அழைத்து வருவார்கள். குட்டை வேர்ப் பல்லைக் கம்பியால் இழுத்தால் வேர் மேலும் கரையலாம், பல் ஆடத் தொடங்கலாம். வாயைத் திறந்து பார்க்கும் மருத்துவருக்குக் காவிக் கறைதான் தெரியும், வேர் தெரியாது. பழைய சிகிச்சையைப் பற்றிப் பெற்றோரும் சொல்லியிருக்க மாட்டார்கள், பல்லுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

ஆகவே புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். சிகிச்சை முடிந்து அனுப்பும் சீட்டில் மருந்துகளின் பெயர், மொத்த அளவு, தொடங்கிய வயது ஆகியவற்றோடு ‘கம்பி போடும் முன் ஓ.பி.ஜி. எடுக்கவும்’ என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ஒரு ஓ.பி.ஜி. எடுத்துப் பெற்றோர் கையில் கொடுங்கள். ஷிப்ட் சம்பளத்தை இழந்து பெருமாநல்லூரிலிருந்து கோவைக்கு வரும் குடும்பம் இதற்கென்று இன்னொரு நாளை இழக்காதபடி, அதை வழக்கமான தொடர் பரிசோதனை நாளிலேயே செய்து முடியுங்கள்.