என் கணக்கில் அவளுக்குக் கடன் கொடுக்காதீர்

அந்த விளம்பரங்களின் வாய்பாடு பெரும்பாலும் ஒன்றேதான். என் மனைவி இன்னாள் தக்க காரணம் ஏதுமின்றி என் படுக்கையையும் உணவையும் விட்டுப் போய்விட்டாள். அவளுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது. என் கணக்கில் கடன் கொடுக்கவும் கூடாது. இன்று முதல் அவள் வாங்கும் கடன் எதற்கும் நான் பொறுப்பல்ல. கீழே கணவனின் பெயர், ஊர், தேதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர்களின் வாரப் பத்திரிகைகளைப் புரட்டுகிற எவரும் இதைப் பார்க்காமல் கடந்துவிட முடியாது. சேணம் செய்பவர், உப்பும் வெல்லப்பாகும் விற்கும் கடைக்காரர், காணாமல்போன பசுவைத் தேடும் குடியானவர் ஆகியோருக்கு நடுவில், அதே அளவு எழுத்தில், ஒரு கணவன் நின்றுகொண்டிருப்பான்.

முதுகலை வகுப்பில் விளம்பர மொழியைப் பற்றிப் பேசும்போது இந்த வாய்பாட்டைத் தமிழில் சொல்லிக்காட்டினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அவங்க எங்க மேம் போயிருப்பாங்க?”

என்னிடம் பதில் இல்லை. விளம்பரம் அதைச் சொல்வதில்லை. ஆனால் அவள் விட்டுப்போன ஊரின் கடைகளும் தொழில்களும் விலைகளும் அதே பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே அவள் எங்கே போயிருக்க முடியும் என்று தேடிப்பார்க்க நினைத்தேன்.

நான்கு பக்கச் சந்தை

ஒரு பெரிய தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். சிற்றூர் வாரப் பத்திரிகை பெரும்பாலும் அவ்வளவுதான். ஆசிரியர், அச்சகத்தின் உரிமையாளர், விளம்பரம் சேகரிப்பவர் எல்லாம் ஒருவரே. உதவிக்குத் தொழில் பழகும் பையன்கள் ஓரிருவர். 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், பத்திரிகைகள் தங்கள் பிரதிகளை ஒன்றுக்கொன்று கட்டணமின்றி அனுப்பிக்கொள்ள அனுமதித்தது. எனவே வாஷிங்டன் செய்தியும் லண்டன் செய்தியும் வேறு பத்திரிகைகளிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டன. உள்ளூர்ச் செய்தி மிகக் குறைவு. ஊரில் நடப்பதுதான் ஊருக்கே தெரியுமே! ஆகவே ஊரின் அன்றாடத்தை அறிய விரும்பும் நாம் இன்று படிக்க வேண்டியது செய்திகளைவிட விளம்பரங்களைத்தான்.

விளம்பரத்துக்கு ‘சதுரம்’ என்ற அளவில் கட்டணம் வாங்கினார்கள். ஒரு பத்தியின் அகலத்தில் குறிப்பிட்ட சில வரிகள் ஒரு சதுரம். படம் அபூர்வம். அச்சகத்தில் இருக்கும் ஓரிரு மரச்செதுக்கு அச்சுகளே திரும்பத் திரும்ப வரும்: கப்பல், வீடு, குதிரை. தென் மாநிலங்களில் இன்னொரு அச்சும் இருந்தது. தோளில் மூட்டையோடு ஓடும் உருவம் அது. தப்பியோடிய அடிமையைக் குறிக்க ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

ரொக்கம் அரிதாக இருந்த காலம். சந்தாவுக்குப் பதிலாக விறகும் வெண்ணெயும் தானியமும் வாங்கிக்கொள்வதாகப் பத்திரிகைக்காரரே அறிவித்தார். பலசரக்குக் கடையிலும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் சரக்குகள் கடனில் போகும்; அறுவடைக்குப் பின் கணக்குத் தீரும். ஒரு குடும்பத்தின் உப்பும் துணியும் காலணியும் கடைக்காரரின் பேரேட்டில் ஒரு பெயருக்குக் கீழே எழுதப்பட்டன. திருமணமான பெண் அந்தப் பெயராக இருப்பது அரிது.

ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?

மனைவி பிரிந்துபோன வேதனையை ஏன் காசு கொடுத்து அச்சிட வேண்டும்? இதைக் குடும்பச் சண்டையாக மட்டும் வாசித்தால் புரியாது. இது ஒரு வணிக அறிவிப்பு.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்ட பொதுச் சட்டத்தின்படி, திருமணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஆள் கணவன். அவள் கொண்டுவந்த பணமும் பண்டமும் அவனுடையவை. அவள் வேலை செய்து பெறும் கூலி அவனுடையது. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. இதற்கு ஈடாக ஒரு கடமை அவன்மேல் இருந்தது. அவளுக்கு வேண்டிய அத்தியாவசியப் பொருள்களை அவன் தர வேண்டும். தராவிட்டால் அவள் கடையில் வாங்கலாம். கடைக்காரர் அவனிடம் வசூலிக்கலாம். ஆனால் அவள் தன் தவறால் வீட்டை விட்டுப் போனாள் என்றால் அந்தக் கடமை இல்லை.

இப்போது அந்த வாய்பாட்டை மறுபடி படியுங்கள். ‘தக்க காரணம் ஏதுமின்றி’ என்ற சொற்கள் அழுகையல்ல. வழக்கு வந்தால் பயன்படும் கவசம். அந்த விளம்பரத்தின் உண்மையான வாசகர் ஊரிலுள்ள கடைக்காரர். கடனில் ஓடும் ஊரில் ஒருத்தியின் கடனை நிறுத்துவது அவள் உலையை நிறுத்துவது. ஒரு சதுர விளம்பரத்தின் விலைக்கு அதைச் செய்துவிட முடிந்தது.

சில பெண்கள் பதில் விளம்பரம் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் குறைவு. ஆனால் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார வைப்பவை. விட்டுப்போக அவனிடம் படுக்கை ஏது, அது என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அடித்தான், குடித்தான் என்று எழுதியவர்கள் உண்டு. அவன் பெயரில் எனக்கு யார் கடன் கொடுப்பார்கள், அவனுக்கே யாரும் கொடுப்பதில்லையே என்று கேலி செய்தவர்களும் உண்டு. சட்டத்தில் தனக்கென்று பெயர் இல்லாதவள், தன் பெயரைப் போட்டுக் காசு கட்டி ஊரோடு பேசிவிட்டாள். அந்தக் காசு எங்கிருந்து வந்திருக்கும்?

வெண்ணெயும் கந்தலும்

அந்தக் காசின் தடத்தையும் விளம்பரங்களிலேயே தேடலாம். கடை விளம்பரங்களின் கடைசி வரியைக் கவனித்தால், நாட்டு விளைபொருள்கள் பதிலுக்கு ஏற்கப்படும் என்றிருக்கும். வெண்ணெய், முட்டை, வாத்திறகு, கம்பளி நூல். கறந்து, கடைந்து, பொறுக்கி, நூற்று அவற்றைச் சந்தைப்பொருளாக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வரவு எழுதப்பட்டதோ பல வீடுகளில் குடும்பத் தலைவன் பெயரில்.

என்னை மிகவும் நிறுத்திய விளம்பரம் வேறொன்று. கந்தல் வேண்டும் என்ற விளம்பரம். மரக்கூழ் பரவலாவதற்கு முன்பு, அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில், காகிதம் பருத்தி, நாரிழைத் துணிகளின் கந்தலிலிருந்தே தயாரானது. கிழிந்த சட்டை, நைந்த மேசை விரிப்பு, குழந்தையின் பழந்துணி எதையும் எறியாமல் பையில் சேர்த்து வைக்கும்படி ஆலைகளும் அச்சகங்களும் வீட்டுப் பெண்களிடம் விளம்பரம் மூலம் கேட்டுக்கொண்டன. அந்தப் பைகள் கடைக்கும் ஆலைக்கும் போயின. ஆலையில் கந்தலைத் தரம் பிரித்து வெட்டும் தூசி நிறைந்த வேலையைச் செய்தவர்களும் பெரும்பாலும் பெண்களே.

அவளுக்குக் கடன் கொடுக்காதே என்று கணவன் அச்சிட்ட அந்தத் தாள், ஏதோ ஒரு வீட்டுப் பெண் சேர்த்து வைத்த கந்தல். இதை உணர்ந்த நாளில் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

போகக்கூடிய இடங்கள்

அவள் தொப்பிக் கடைக்குப் போயிருக்கலாம். பெரும்பாலான சிற்றூர்ப் பத்திரிகைகளில் பெண் பெயரோடு வரும் விளம்பரம் அதுதான். நியூயார்க்கிலிருந்து வசந்தகால மாதிரிகள் வந்திருக்கின்றன, ரிப்பனும் சரிகையும் உண்டு என்று ஒரு செல்வியோ ஒரு கைம்பெண்ணோ அறிவிப்பார். தலையில் அணியும் ‘பானெட்’ தைப்பதும், பெண்களுக்கு ஆடை தைப்பதும் பெண்கள் தம் பெயரில் நடத்த முடிந்த தொழில்கள். திருமணமாகாதவளும் கைம்பெண்ணும் ஒப்பந்தம் செய்யலாம். வீட்டைவிட்டு வந்த மனைவிக்கு அந்த உரிமையும் சிக்கலே. அவள் அங்கே கூலிக்குத் தைக்கலாம். வீட்டு வேலைக்குப் பெண் தேவை என்ற விளம்பரத்துக்குப் போகலாம். பிறந்த வீட்டுக்குப் போகலாம், அவர்கள் கதவைத் திறந்தால்.

நோயுற்றிருந்தால்? பத்தி பத்தியாக மருந்து விளம்பரங்கள் உண்டு. அவற்றில் பிந்தைய காலத்தில் புகழ்பெற்றது மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரிலிருந்து வந்த லிடியா பிங்கமின் மூலிகைக் கலவை. 1873இன் நிதி நெருக்கடியில் கணவரின் தொழில் நொடிந்தபின், அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த மருந்தைக் குடும்பம் 1875இல் விற்கத் தொடங்கியது. 1879 வாக்கில் லிடியாவின் முகமே விளம்பரத்தில் வந்தது. கலவையில் நம் வீட்டு வெந்தயமும் இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹாலும் இருந்தது. பெண்கள் திருமதி பிங்கமுக்குக் கடிதம் எழுதும்படி விளம்பரங்கள் அழைத்தன. அவர் 1883இல் இறந்த பின்னும் அந்த அழைப்பு நிற்கவில்லை. 1905இல் ஒரு பெண்கள் இதழ் அவருடைய கல்லறைக் கல்லின் புகைப்படத்தை வெளியிட்டு அதை அம்பலப்படுத்தியது. ஏமாற்றுத்தான். ஆனால் ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசிய வலியைச் சொல்ல ஒரு முகவரி கிடைத்ததே என்று எழுதிய பெண்களை நான் எளிதில் ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன்.

சரக்காக இருந்தவள்

இதுவரை நான் தேடிய ‘அவள்’ பெரும்பாலும் வெள்ளைக்காரி. அதே காலத்தில் தென் மாநிலப் பத்திரிகைகளில் கறுப்பினப் பெண் விற்பனைப் பத்தியிலேயே இருந்தாள். நன்றாகச் சமைப்பாள், துவைப்பாள், இஸ்திரி போடுவாள் என்று பட்டியலிட்டு அவளுக்கு விலை வைத்தார்கள். திருமணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த தொடக்கச் சட்டங்களில் ஒன்று 1839இல் மிசிசிப்பி மாநிலம் இயற்றியது. அதன் பெரும்பகுதி, மனைவி உடைமையாக வைத்திருக்கும் அடிமைகளைப் பற்றியது. ஒருத்தியின் சொத்துரிமை இன்னொருத்தியின் உடல்மேல் எழுதப்பட்டது. பெண்ணிய வரலாறு எழுதும்போது இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது.

1835ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர் வட கரோலைனாவின் ஈடன்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் நார்கம். ஹாரியட் என்ற 21 வயதுப் பெண் தப்பிவிட்டாள், பிடித்துத் தருபவருக்கு 100 டாலர். நல்ல தையல்காரி என்றும், நல்ல உடைகள் வைத்திருப்பவள் என்றும் அடையாளம் சொன்னது விளம்பரம். அவர் தந்த பாலியல் தொல்லையே அவள் ஓடக் காரணம் என்பதை அது சொல்லவில்லை. ‘தக்க காரணம் ஏதுமின்றி’ என்பதன் இன்னொரு வடிவம் இது.

ஹாரியட் ஜேக்கப்ஸ் எங்கே போனார் என்பது நமக்குத் தெரியும். அதே ஊரில், பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், 9 அடி நீளமும் 7 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். 1842இல் வடக்கே தப்பினார். 1861இல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். அதில் ஒரு கடன் கதையும் உண்டு. ரொட்டி சுட்டு விற்றுப் பாட்டி சேர்த்த 300 டாலரை எஜமானி கடனாக வாங்கினாள், திருப்பித் தரவில்லை. அடிமைக்குச் சொத்தில்லை, எனவே அவளிடம் பட்ட கடனும் சட்டத்தில் கடனில்லை.

விளம்பரங்களை இப்படி எதிர்த்திசையில் வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் க்ரிம்கே சகோதரிகள். தென் மாநில அடிமை உடைமைக் குடும்பத்தில் பிறந்து அதை எதிர்த்து வெளியேறியவர்கள் சாராவும் ஏஞ்சலினாவும். ஏஞ்சலினாவின் கணவர் தியடோர் வெல்டோடு சேர்ந்து, 1839இல் வெளிவந்த அடிமைமுறை பற்றிய சாட்சிய நூலுக்காக, வாசகசாலை ஒன்று கழித்துப்போட்ட தென் மாநிலப் பத்திரிகைகளை ஆயிரக்கணக்கில் அலசினார்கள். சவுக்குத் தழும்பு, வெட்டப்பட்ட காது, கழுத்தில் இரும்பு வளையம் என்று உடையவர்களே அடையாளம் சொல்லி அச்சிட்ட வரிகளைக் கத்தரித்தெடுத்து அவர்களுக்கு எதிரான சாட்சியாக்கினார்கள்.

இன்னொரு அறிவிப்பு

1848 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம், திருமணமான பெண் கொண்டுவந்த சொத்தும் அவளுக்கு மரபுரிமையாக வரும் சொத்தும் அவளுடையவையே என்று சட்டம் இயற்றியது. கூலி இன்னும் கணவனுடையதுதான். அது அவளுடையதாக 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1848 ஜூலையில், செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் வெளியான ‘செனகா கவுன்ட்டி கூரியர்’ என்ற வாரப் பத்திரிகை ஒரு சிறு அறிவிப்பை அச்சிட்டது. பெண்களின் சமூக, குடிமை, சமய நிலைமையையும் உரிமைகளையும் பேச ஒரு கூட்டம். முதல் நாள் பெண்களுக்கு மட்டும். கையெழுத்து இல்லை. ஒரு தேநீர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதை எழுதியவர்கள் ஐந்து பெண்கள். எலிசபெத் கேடி ஸ்டான்டனும் லுக்ரீஷியா மாட்டும் அவர்களில் இருவர். ஜூலை 19, 20 தேதிகளில் ஏறக்குறைய 300 பேர் வந்தார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி சார்லட் உட்வர்ட். வீட்டிலிருந்தபடி கையுறை தைத்துக் கூலி பெற்ற இளம்பெண். அறிவிப்பைப் படித்துவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓடிச் சொல்லிவிட்டு, வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். 1920இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றபோது, கையெழுத்திட்ட பெண்களில் உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே. உடல்நலமில்லாததால் அவரால் வாக்களிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு, 1849இல், அதே ஊரிலிருந்து அமீலியா ப்ளூமர் ‘த லில்லி’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் ஒஹாயோவின் மவுன்ட் வெர்னன் ஊருக்குப் போனபோது, எழுத்துக் கோக்க ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். ஆண் அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த இடத்திலும் பெண்களை அமர்த்தினார் ப்ளூமர்.

கந்தல் கொடுத்தவளின் கைக்கு ஈய எழுத்து வந்து சேர இவ்வளவு காலமாயிற்று.

அந்த மாணவிக்கு இன்னும் என்னிடம் நேரான பதில் இல்லை. பெரும்பாலானவர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதி வைக்கவில்லை. சிலர் திரும்பி வந்திருப்பார்கள், கடனில்லாமல் எத்தனை நாள் தாங்க முடியும்? ஆனால் அடுத்த வகுப்பில் ஒன்றைச் சொல்லப்போகிறேன். அவள் போனாள் என்பதற்குச் சான்றாக நம்மிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அவளைத் தடுக்க அவன் காசு கொடுத்து அச்சிட்ட அந்தச் சில வரிகள்தாம். அவன் பெயருக்காக அந்த வரிகளை இன்று யாரும் தேடுவதில்லை. நாம் தேடுவது அவளை.