டிஎஸ்கான்

டிஎஸ்கான் என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் ஒரு பயனரின் அமர்வை ஓரிடத்தில் இருந்து துண்டித்து வேறோர் இடத்துடன் இணைக்கும் கட்டளை ஆகும். டி, எஸ், சி, ஓ, என் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துக்களால் இது கட்டளைச் சாளரத்தில் எழுதப்படுகின்றது. ரிமோட் டெஸ்க்டாப் (தொலைநிலை மேசைத்தளம்) வழியாகத் தொலைவில் இருந்து நடத்தப்படும் அமர்வை அக்கணினியின் கன்சோலுடன் மீள இணைப்பதற்கே இது பெரும்பாலும் பயன்படுகின்றது. கன்சோல் என்பது அக்கணினியில் நேரடியாகப் பொருத்தப்பட்ட திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைக் குறிக்கும். தானியங்கிச் சோதனைகள் தடையின்றித் தொடர இக்கட்டளை உதவுகின்றது. எனினும், இது கணினியின் திரையைப் பூட்டாமல் திறந்தே விட்டுவிடுவதால் கவனத்துடன் பயன்படுத்தப்பட வேண்டியதாகும்.

வரலாறு

ஒரே கணினியில் பலர் தொலைவில் இருந்து பணிபுரியும் வசதியை மைக்ரோசாப்ட் 1998 இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் அளித்தது. 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் பதிப்பின் மூலம் ரிமோட் டெஸ்க்டாப் தனியாள் கணினிகளுக்கும் வந்தது. இவ்விணைப்பு வழமையாக 3389 என்னும் துறை எண்ணைப் பயன்படுத்துகின்றது.

விண்டோஸ் ஒவ்வோர் அமர்வுக்கும் ஓர் எண்ணை வழங்குகின்றது. எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றில் கன்சோலில் முதலில் நுழையும் பயனரும் பின்னணிச் சேவைகளும் 0 ஆம் அமர்வைப் பகிர்ந்துகொண்டனர். 2007 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் 0 ஆம் அமர்வு பின்னணிச் சேவைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. பயனர் அமர்வுகள் 1 இல் இருந்து தொடங்குகின்றன.

தேவை

ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தை மூடும்போது அமர்வு முடிவடைவதில்லை. துண்டிக்கப்பட்ட நிலைக்குச் செல்கின்றது. அதில் இயங்கிய மென்பொருட்கள் தொடர்ந்து இயங்கும். கணக்கீடு செய்தல், கோப்புகளைப் படியெடுத்தல் போன்ற பணிகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஆனால், அவ்வமர்வின் மேசைத்தளம் எந்தத் திரையிலும் வரையப்படாது. ஆகவே, மனிதரைப் போலவே பொத்தான்களைச் சொடுக்கியும், திரையைப் படம்பிடித்து ஒப்பிட்டும் செயற்படும் சோதனை மென்பொருட்கள் தோல்வியடைகின்றன. எடுத்துக்காட்டாக, மாலையில் தொடங்கி இரவு முழுவதும் நடைபெற வேண்டிய சோதனை, பொறியாளர் சாளரத்தை மூடிய கணத்திலேயே நின்றுபோகலாம்.

செயற்பாடு

இக்கட்டளைக்கு இரு விவரங்கள் தேவை: மாற்றப்பட வேண்டிய அமர்வின் எண், அது சென்று சேர வேண்டிய இடம். எண்ணை "குவரி யூசர்" என்னும் கட்டளையின் மூலம் அறியலாம். அமர்வு எண் 2 எனின், கட்டளை பின்வருமாறு அமையும் (தட்டச்சிடும்போது முழுவதும் ஆங்கில எழுத்துக்களில் இடவேண்டும்):

டிஎஸ்கான் 2 /டெஸ்ட்:கன்சோல்

இதை நிர்வாகி உரிமையுடன் இயக்கியதும் தொலைவில் உள்ள சாளரம் தானாக மூடிக்கொள்ளும். அதே மேசைத்தளம், திறந்திருந்த மென்பொருட்களுடன், கணினியின் சொந்தத் திரைக்கு மாறும். திரை இணைக்கப்படாத கணினிகளில் திரையின் அளவு மாறிவிடக்கூடும். சொடுக்க வேண்டிய இடங்களைப் புள்ளி எண்களால் குறிக்கும் சோதனைகள் இதனால் பிழைபடலாம்.

ஸ்கிரிப்ட் வழியாக இயக்குதல்

அமர்வு எண் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது என்பதால், அதைத் தேடி எடுத்துக் கட்டளைக்கு வழங்கும் பேட்ச் கோப்பு ஒன்றை எழுதுவது வழக்கம். அக்கோப்பு, "குவரி யூசர்" தரும் விடையில் தலைப்பாக உள்ள முதல் வரியை விட்டுவிட்டு, அடுத்த வரியின் மூன்றாவது சொல்லை எண்ணாக எடுத்துக்கொள்ளும். சாளரத்தை மூடுவதற்குப் பதிலாகப் பயனர் இக்கோப்பை இயக்கிவிட்டு வெளியேறலாம். இதில் கவனிக்க வேண்டியவை:

* துண்டிக்கப்பட்ட அமர்வில் அமர்வின் பெயர் வெறுமையாக இருக்கும். எனவே எண் மூன்றாவது இடத்தில் இல்லாமல் இரண்டாவது இடத்தில் அமையும். இணைப்பு அறுந்த பின்னர் இயங்கும் ஸ்கிரிப்ட்கள் பிழைபடுவதற்கு இது ஒரு காரணமாகும்.
* 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஒன்றில் இருந்து அழைத்தால், கோப்பு கிடைக்கவில்லை என்னும் பிழைச் செய்தி வரலாம். "சிஸ்டம்32" கோப்புறைக்கான அழைப்பு வேறு கோப்புறைக்குத் திருப்பப்படுவதே காரணம். "சிஸ்நேட்டிவ்" என்னும் பாதையைப் பயன்படுத்தி இதைத் தவிர்க்கலாம்.
* இணைப்பு எதிர்பாராமல் அறும்போதும் ஸ்கிரிப்ட் இயங்க வேண்டுமெனில், அமர்வு துண்டிக்கப்பட்டதைப் பதிவு செய்யும் 24 ஆம் எண் நிகழ்வுடன் அதைப் பணி அட்டவணையில் இணைக்கலாம்.

பாதுகாப்பு

கன்சோலுக்கு மாற்றப்பட்ட அமர்வு கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. கணினியின் முன் வந்து அமரும் எவரும் அப்பயனரின் கோப்புகளையும் மின்னஞ்சலையும் அணுக முடியும். ஆகவே பொது அலுவலக அறையில் உள்ள கணினியில் இம்முறை பொருத்தமானதன்று.

இயங்குதளத்தின் உயர்ந்த உரிமையான சிஸ்டம் கணக்கில் இருந்து இக்கட்டளையை இயக்கினால், மற்றொரு பயனரின் அமர்வையும் அவருடைய கடவுச்சொல் இன்றியே கைப்பற்றலாம். 2017 இல் அலெக்சாண்டர் கோர்ஸ்னிகோவ் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் இதை விளக்கிக் காட்டியதைத் தொடர்ந்து இம்முறை பரவலான கவனத்தைப் பெற்றது. பல நிர்வாகிகள் நுழையும் வழங்கிகளில், பணி முடிந்ததும் அமர்வைத் துண்டித்துவிட்டுச் செல்லாமல் முழுமையாக வெளியேறுவதே இதற்கு எளிய தற்காப்பாகும்.

மாற்று வழிகள்

விஎன்சி வகை மென்பொருட்கள் பொதுவாகத் தனி அமர்வை உருவாக்காமல் கன்சோலின் திரையையே தொலைவில் காட்டுகின்றன. எனவே அவற்றின் சாளரத்தை மூடினாலும் சோதனை நிற்பதில்லை. சோதனைகளைத் தனியான மெய்நிகர் கணினியில் நடத்துவது மற்றொரு வழியாகும். அதன் கன்சோலும் மெய்நிகரானது. ஆதலால் திறந்த திரையின் முன் எவரும் நேரில் சென்று அமர இயலாது. அம்மெய்நிகர் கணினியை நிர்வகிக்கும் உரிமையை உடையவர் மட்டுமே அதனை அணுக முடியும்.