ஏரிப்படுகையில் எழுந்த நகர்: தியாகராய நகரின் நூறாண்டு மாற்றம் குறித்த ஒரு மறுவாசிப்பு

சென்னைத் தியாகராய நகரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். மரநிழலும் தோட்ட வீடுகளுமாக அமைதியாய் இருந்த குடியிருப்பை வணிகம் விழுங்கிவிட்டது என்பது அந்தக் கதை. பழைய குடியிருப்பாளர்களின் ஏக்கத்தை அது உண்மையாகச் சொல்கிறது. வரலாற்றை அப்படிச் சொல்லவில்லை. இன்று தி. நகரை வாட்டும் இரு பெரும் சிக்கல்கள் மழைக்காலத்தில் தேங்கும் நீரும் பண்டிகைக் காலத்தில் திணறும் கூட்டமும். இரண்டுக்குமான வித்து 1920களில் இந்நகர் வகுக்கப்பட்ட முறையிலேயே இருந்தது என்பதும், அதை ஒப்புக்கொள்ளாத எந்தச் சீரமைப்பும் நிலைக்காது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஏரியும் நகரும்

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கிப் பிறைபோல வளைந்து கிடந்த நீண்ட ஏரி ஒரு காலத்தில் சென்னையின் மேற்கு எல்லையாக இருந்தது. 1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் நீதிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. வளரும் நகரத்துக்கு மனைகள் தேவைப்பட, ஏரியின் பெரும்பகுதி படிப்படியாக நிலமாக்கப்பட்டது. அந்நிலத்தில் எழுந்த நகருக்கு 1925இல் மறைந்த அக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் வாய்த்தது. முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் நடுவே ஒரு பூங்கா அமைய, அதைச் சுற்றிச் சாலைகள் நாற்புறமும் விரிந்தன. டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை என்று நடந்து போனாலே அக்கட்சியின் தலைவர் வரிசையைப் படித்துவிடலாம்.

அரசியல் நினைவுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கிய திட்டம், நீரின் நினைவுக்கு இடம் ஒதுக்கவில்லை. ஏரி போனாலும் நிலத்தின் சாய்வு போகவில்லை. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து தி. நகர் வழியாக அடையாற்றுக்குப் போகும் மாம்பலம் கால்வாய்தான் இப்பகுதியின் மழைநீருக்கு முக்கிய வடிகால். காலப்போக்கில் அது கழிவுநீர் ஓடும் சாக்கடையாகச் சுருங்கியது. 2015 வெள்ளத்துக்குப் பின், 2021 நவம்பரில் பெய்த மழையிலும் தி. நகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. கால்வாயில் அப்போது நடந்த சீரமைப்புப் பணிகளே நீரோட்டத்தைத் தடுத்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

இதன் விளைவை ஒரு பழைய வீட்டு வாசலில் நின்றாலே பார்க்கலாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்கிறது. ஒரு காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. நிலைப்படிக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் தடுப்பு. ஐப்பசி பிறந்ததும் அதற்கு வெளியே மணல் மூட்டைகள். வீட்டை இடித்து, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டுத் தூண்கள்மேல் அடுக்ககமாகக் கட்டுபவர் தப்பித்துக்கொள்கிறார். அவர் மனையில் நிரவிய மண்ணால் விலகும் நீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது.

இரயிலும் கடையும்

தென்திசை இரயில்பாதை தி. நகருக்கு முந்தையது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது, மாம்பலம் நிலையம் புறநகர் மக்கள் அனைவரின் கைக்கெட்டும் இடமாயிற்று. குடியிருப்பையே மையமாக வைத்து வகுக்கப்பட்ட ஒரு நகரின் ஓரத்தில், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரை இறக்கிவிடும் நிலையம் அமைந்துவிட்டது. நிலையத்தை உஸ்மான் சாலையோடு இணைத்தது குறுகலான ரங்கநாதன் தெரு. இறங்கி நடப்பவர் கண்ணில் படும்படி கடை வைப்பது வணிகத்தின் முதல் பாடம். பட்டுக்கும் பாத்திரத்துக்கும் நகைக்கும் இத்தெருக்கள் பேர்போனது இந்த இணைப்பால்தான். தென்மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர்கள் இந்த வாய்ப்பைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் வந்து வாய்ப்பை உருவாக்கவில்லை.

விதிமீறலும் பேராசையுமே இந்த நிலைக்குக் காரணம் என்று ஒருவர் மறுக்கலாம். விதிமீறல் உண்மை. 2011இல் ரங்கநாதன் தெருவிலும் அதன் சுற்றிலும் விதி மீறிய கட்டடங்களுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2012 தொடக்கத்தில் உச்ச நீதிமன்ற ஆணையால் அவை தற்காலிகமாகத் திறந்தன. 2017 மே இறுதியில் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று எரிந்து, இடிக்கப்பட்டது. ஆனால், கட்டணம் வாங்கிக்கொண்டு விதிமீறலை வரன்முறைப்படுத்தும் பிரிவை 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்த்தது அரசே. மாடிமேல் மாடி ஏறியதில் கடைக்காரருக்கு எவ்வளவு பங்கோ, அதைப் பார்த்துக்கொண்டிருந்து பின்னர் ஏற்றுக்கொண்ட ஆட்சிமுறைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

கணக்கில் வராதவர்கள்

சீரழிவுக் கதையின் பெருங்குறை, அது மனை உரிமையாளரின் கண்ணால் மட்டுமே ஊரைப் பார்ப்பது. நெல்லை, தூத்துக்குடி ஊர்களிலிருந்து வந்து, கடை நிர்வாகம் தரும் அறையில் தங்கி, காலை முதல் இரவு வரை நின்றே புடவை விரிக்கும் பெண்ணுக்குத் தி. நகர் எது? வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) அக்கேள்வியைத் திரைக்குக் கொண்டுவந்தது. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு திருத்த 2021 வரை ஆயிற்று. கட்டடத்தின் உயரத்தைப் பற்றி நடந்த விவாதத்தில் பாதியளவுகூட அதனுள் நிற்பவரின் கால்வலியைப் பற்றி நடக்கவில்லை.

நடைபாதை வியாபாரிகளின் நிலையும் இதுவே. பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகளை 2013இல் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். வளையலும் ரிப்பனும் வாங்குபவர் போகிற போக்கில் நின்று வாங்குபவர். அதற்கென்று படியேறிப் போகிறவர் குறைவு. 2019இல் அதே சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023இல் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் வந்தது. நடப்பவருக்கு இடம் தந்த இவ்விரண்டும் வரவேற்கத்தக்கவை. அந்த நடையை நம்பிப் பிழைப்பவருக்கும் அங்கேயே இடம் வகுத்திருந்தால்தான் இவை முழுமையாகியிருக்கும். தெரு வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தின் நோக்கமும் அதுதான்.

முடிவுரை

தி. நகரைப் பழைய தோட்ட வீடுகளின் காலத்துக்குத் திருப்ப முடியாது, திருப்பவும் வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை வேறு. மாம்பலம் கால்வாயை இப்பகுதியின் முதன்மைக் கட்டமைப்பாக ஏற்று, அதன் அகலத்தையும் சாய்வையும் மீட்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் புதுச்சாலை போடக் கூடாது. கட்டட அனுமதி தரும்போது எத்தனை வண்டி நிற்கும் என்பதோடு, எத்தனை பேர் உள்ளே வேலை செய்வார்கள், எங்கே உட்காருவார்கள், தீப்பிடித்தால் எவ்வழியே வெளியேறுவார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுத்த திட்டம் நீரையும் உழைப்பவரையும் கணக்கில் எடுக்கவில்லை. பனகல் பூங்காவுக்கடியில் மெட்ரோ இரயில் நிலையம் அமையும் இவ்வேளையில் இங்கு வரும் கூட்டம் இன்னும் பெருகப்போகிறது. அடுத்த நூற்றாண்டுக்கான திட்டத்தை நீர், உழைப்பவர் என்ற இவ்விரண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.