புத்தளத்துக்குப் புதிதாக வந்தவர்கள்



எங்கள் பாடசாலைகளில் பேச்சுப் போட்டி வைத்தால், ஊரைப் பற்றிப் பேசும் பிள்ளை பெரும்பாலும் இப்னு பதூதாவில்தான் தொடங்கும். 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவர் போக நினைத்தது மஃபர் என்று அரபிகள் அழைத்த தென்னிந்தியக் கரைக்கு. மாலுமிக்கு வழி சரியாகத் தெரியவில்லை. மூன்று நாளில் முடிய வேண்டிய பயணம் ஒன்பது நாளாகி, இலங்கையில் வந்து நின்றது. இறங்கிய ஊரைப் 'பத்தாலா' என்று எழுதினார். அதுதான் நம்முடைய புத்தளம் என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு.

ஊரைச் சுற்றி மரத்தால் மதில், மரக் கோபுரங்கள். வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கடற்கரையில் குன்று குன்றாகக் கிடந்தன. மலபார், மஃபர் ஆட்கள் விலை கொடுக்காமலே அவற்றை ஏற்றிப் போனார்கள், அரசனுக்குத் துணி போன்ற அன்பளிப்புகள் கொடுத்தால் போதுமாக இருந்தது. அரசன் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது. முத்துகளைக் காட்டிப் பேசினான். பாவாதமலைக்குப் போக வேண்டும் என்று கேட்டவருக்குப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினான். இதில் பிள்ளைகள் மேடையில் சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. கப்பல்காரர்கள் இந்தக் கரையில் இறங்கவே பயந்தார்கள், அரசன் கடற்கொள்ளைக்காரன் என்று பெயர். மஃபர் சுல்தானுக்குத் தான் உறவுக்காரன் என்று இப்னு பதூதா சொன்ன பிறகுதான் வழி கிடைத்தது. யாருடைய ஆள் என்று சொன்னால்தான் ஊருக்குள் விடும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது போலும்!

அவர் அரசனிடம் தங்கியது மூன்றே நாள். அந்த மூன்று நாளை நாம் 680 வருடமாகப் பெருமையோடு சுமக்கிறோம்.

இதே ஊருக்கு 1990 கடைசியில் வந்தவர்கள் முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி ஆய்வுகள் உண்டு, அறிக்கைகள் உண்டு. எத்தனை குடும்பம், எத்தனை முகாம், எவ்வளவு இழப்பு என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வந்த முதல் மாதத்தில் இந்த ஊர் உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அந்தப் படிவங்களில் இல்லை. அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களில் சிலர் கைக்குழந்தையாக வந்தோம், சிலர் கிடுகுக் கொட்டிலில் பிறந்தோம். இப்போது இதே மாவட்டத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். வாப்பா, உம்மா, உம்மம்மாமார் வாயால் பல தடவை கேட்டதையே இங்கே எழுதுகிறோம்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகப் பின்னணி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி, கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்களில் பெரும்பாலானோர் கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியா எல்லை வரை வந்து, அங்கிருந்து அனுராதபுரம் தாண்டி வந்தார்கள். புத்தளம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, ரத்மல்யாய என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர்களை, அந்த நவம்பர் வரை எங்கள் பெரியவர்களில் அநேகர் காதாலும் கேட்டதில்லை.

முதலில் அவர்களுக்குக் கண்ணில் பட்டது வெளிச்சம். அந்த வருடம் ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்கள், இரவில் புத்தளம் நகரத்துத் தெரு விளக்குகளை அண்ணாந்து பார்த்தார்கள். கடைகளில் நெருப்புப்பெட்டியும் சவர்க்காரமும் அடுக்கி வைத்திருந்தது. எவ்வளவும் வாங்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கையில் காசில்லை. கொண்டுபோக விட்டதே சில நூறு ரூபாதான். வழியெல்லாம் விளக்கு எரிய, தாங்கள் திரும்பிப் போன கொட்டிலில் மட்டும் குப்பிவிளக்கு எரிந்ததைப் பெரியவர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு எதற்கென்று சின்ன வயதில் எங்களுக்கு விளங்கியதில்லை.

காசு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் உம்மாமார் 'காசு' என்றார்கள், சந்தையில் 'சல்லி' என்றார்கள். இருவரும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், ஆனால் வாயைத் திறந்த உடனேயே யார் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். இதைவிடப் பெரிய சங்கடம் சிங்களம். யாழ்ப்பாணத்தில் பிறப்பு முதல் மௌத்து வரை எல்லாவற்றையும் தமிழிலேயே முடித்துக்கொண்ட மனிதர்கள், இங்கே பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தினால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். முன்னால் இருப்பவர் நகர்ந்தால் தாங்களும் நகர்ந்தார்கள். கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதென்றால் உள்ளூர்ப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போக வேண்டும். பல குடும்பங்களுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதம் அப்படி மொழிபெயர்க்க வந்த பிள்ளையின் வீட்டாருடன்தான்.

கழுதைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் விடமாட்டீர்கள். நடுத் தெருவில், சொந்தக்காரர் யாரென்றே தெரியாமல், வாகனத்துக்கும் விலகாமல் நிற்கும் புத்தளத்துக் கழுதைகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். மன்னார்ப் பிள்ளைகள் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் ஊரிலும் அதே கழுதைதான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கண்ணோடு வரவில்லை என்பதற்கு இதைத்தான் வகுப்பில் உதாரணம் சொல்வோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'வடக்கு'. உள்ளே, சோனகத் தெருவில் தையல் கடை வைத்திருந்தவரும், எருக்கலம்பிட்டியில் கடலை நம்பியிருந்தவரும், முசலியில் வயல் செய்தவரும் முகாமில்தான் முதன்முதலாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

தண்ணீரும் தென்னையும் எல்லோருக்கும் பொதுவான பாடம். எங்கள் வீட்டுக் கிணறுகளின் தண்ணீருக்குப் பழகியவர்களுக்கு முகாம்களில் கிடைத்த தண்ணீர் உவர்த்தது. பிளேன்டீ குடித்துவிட்டுச் சீனி போட்டீங்களா, உப்புப் போட்டீங்களா என்று கேட்டார்களாம். பவுசர் வரும் நேரம் வாளிகள் வரிசையில் நிற்கும். ஆள் நிற்கத் தேவையில்லை, வாளி நின்றால் போதும் என்ற ஒழுங்கை முகாம் தானாகவே உண்டாக்கிக்கொண்டது. பல முகாம்கள் தென்னந்தோட்டங்களில் இருந்தன. தலைக்கு மேல் தேங்காய், ஆனால் விழும் தேங்காய் காணிக்காரருடையது. விழுந்த ஓலையையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வளவில் விழுந்ததெல்லாம் வளவுக்காரருக்கு என்று சொந்த வளவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, இது வேறொருவருடைய வளவு என்பதை உம்மாமார் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாரி மழையும் சரியாக அந்த நேரத்தில்தான் பிடித்தது. தலையில் ஒழுகியது, காலடியில் வெள்ளம். மலசலகூடம் இல்லாத இடங்களில் பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தார்கள். அவர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள், ஆண்கள் கடைசி வரைக்கும் சொல்வதில்லை.

இந்த ஊர் எங்களை எப்படி ஏற்றது? ஒரு வார்த்தையில் சொல்பவர்களை நாங்கள் நம்புவதில்லை. ஆரம்பத்தில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீட்டு விறாந்தைகளும் திறந்தன. சட்டி சட்டியாகச் சோறு வந்தது. உடுப்பு வந்தது. தங்கள் தோட்டத்தில் குடியிருக்க விட்டவர்கள் எத்தனையோ பேர். இந்த ஊரும் அடி தெரியாத ஊரல்ல, 1976 பெப்ரவரியில் புத்தளம் பெரிய பள்ளிக்குள்ளேயே பொலிஸார் சுட்டு உயிர்கள் போயிருந்தன. தொழுகைக்குப் போன எங்கள் வாப்பாமாருக்கு ஊரார் சொன்ன முதல் கதைகளில் அதுவும் ஒன்று.

பிறகு மாதங்கள் வருடங்களாகின. விருந்தாளி திரும்பிப் போகவில்லை. நகரத்தில் வியாபாரம் செய்த வீடுகளின் பெண்கள், அதுவரை கூலிக்குப் போயிராதவர்கள், கல்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்கும் மிளகாய்த் தோட்டங்களுக்கும் போனார்கள். ஆண்கள் உப்பளத்துக்கும் போனார்கள், நடைபாதையில் கடையும் விரித்தார்கள். ஆட்கள் கூடினால் கூலி இறங்கும், அது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கணக்கு. ஆனால் கூலி இறங்கிய உள்ளூர்த் தொழிலாளியின் வீட்டில் அதைக் கணக்கென்று சொல்ல முடியுமா? எங்களுக்கு உலர் உணவு நிவாரணம் கிடைத்தது, பக்கத்தில் அதே அளவு ஏழையாக இருந்த உள்ளூர்க் குடும்பத்துக்கு அது இல்லை. இதை எங்கள் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பாடசாலைதான் எங்களுக்கு நன்கு தெரிந்த இடம். கட்டடம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு மடங்கு. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகள் என்று நேரத்தைப் பிரித்தார்கள். ஒரே மேசையில் காலையில் இருந்தவன் எழுதிய பெயரைப் பின்னேரம் வந்தவன் வாசிப்பான், முகத்தைக் கண்டதில்லை. சில பிள்ளைகள் கீழே தங்கள் பெயரையும் எழுதிவைத்தார்கள். உயர்தரம் வரும்போது பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. வடக்குப் பிள்ளைகள் புத்தளத்தில் பரீட்சை எழுதினால் புத்தளத்துப் பிள்ளைகளின் இடம் போகிறது என்ற குறை எழுந்தது. குறை சொன்ன பெற்றோரும் நியாயமாகத்தான் சொன்னார்கள், எழுதிய பிள்ளைக்கும் வேறு மாவட்டம் இருக்கவில்லை. ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், எங்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'அகதி' என்றே ஒரு வருடம் முழுக்கக் கூப்பிட்டார்கள். அவர் இன்று ஆசிரியர். தன் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருந்தாலும் முதல் வாரத்திலேயே எல்லாப் பெயரையும் பாடமாக்கிவிடுவார்.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது பெரியவர்கள் எங்களை யாழ்ப்பாணம் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. சோனகத் தெருவில் கூரையில்லாத சுவர்கள், யன்னல் நிலை இல்லாத ஓட்டைகள், அறைக்குள் முளைத்த மரங்கள். வாப்பா கையை நீட்டி இது குசினி, இது உங்கட மூத்தப்பாட அறை என்று காட்டினார். எங்களுக்குப் புதர்தான் தெரிந்தது. அவர்களுக்கு அது சொந்த ஊர். எங்களுக்கு அது பார்க்க வந்த ஊர். கடைக்காரர் எங்கட பேச்சைக் கேட்டு "எங்கயிருந்து வாறீங்க?" என்றார். கிணற்றுத் தண்ணீரை அள்ளித் தந்து, குடிச்சுப் பாருங்க, தேன் மாதிரி என்றார்கள். எங்கள் தம்பி ஒருவன் குடித்துவிட்டு, "தண்ணியில ஒண்டுமே இல்லையே" என்றான். அவனுக்குத் தண்ணீர் என்றால் புத்தளத்துத் தண்ணீர்.

யுத்தம் முடிந்த பிறகு திரும்பிப் போனவர்கள் உண்டு, மன்னாருக்கே கூடுதலாகப் போனார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போனவர்கள் குறைவு. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கால் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். வாக்கு எங்கே, காணி எங்கே, ஜனாஸா எங்கே என்ற கேள்விகள் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு விதமாகத் தீர்ந்திருக்கின்றன, சில வீடுகளில் இன்னும் தீரவில்லை. இதற்கிடையில் கலியாணங்களும் நடந்தன. 'காசு' என்ற உம்மாவுக்கும் 'சல்லி' என்ற வாப்பாவுக்கும் பிறந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். இரண்டையும் சொல்கிறார்கள்.

கல்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கை ஊர்களைப் பற்றிய விவரக் கோவை ஒன்றை அச்சிட்டவர். ஊர் விவரத்தை எழுதிவைக்கும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990இல் முப்பது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அன்று ஐம்பதில் இருந்தவர்களில் பலரின் ஜனாஸாவில் நாங்கள் நின்றிருக்கிறோம். ஆகவே வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் மூன்று விடயம் கேட்டு, தொலைபேசியில் குரலாகவாவது பதிந்துவையுங்கள். முதல் இரவு எந்த இடத்தில் படுத்தீர்கள்? முதல் கொட்டிலுக்குக் கிடுகு எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள்? யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள்?

புத்தளத்து வீட்டாரிடமும் கேட்க ஒன்று உண்டு. அந்த நவம்பரில் உங்கள் தெருவுக்கு நாங்கள் வந்து இறங்கியபோது உங்கள் வாப்பா, உம்மா கண்ணுக்கு எப்படித் தெரிந்தோம்? நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.