புளியந்தீவுக் கோட்டை

ஒரு நாட்டுக்கு அரணாவன எவை என்று கூறப் புகுந்த வள்ளுவர், நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் ஒருங்கே வைத்து எண்ணினார். ஆயினும் கோட்டை என்றவுடன் தமிழர் மனக்கண்முன் முதலில் எழுவது மலையே. மூன்று குன்றுகளை மதிலால் வளைத்து நிற்கும் செஞ்சியையும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் அறியாதார் அரியர். ஈழத்திலே, திருகோணமலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைமீது போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். தாம் இடித்த கோணேசர் ஆலயத்தின் கற்களையே அதற்குப் பயன்படுத்தினர். ஆனால் அங்கிருந்து தெற்கே மட்டக்களப்புக் கரைக்கு வருவோர், கோட்டை எழுப்பத்தக்க குன்று ஒன்றையேனும் காணமாட்டார். இங்கே மலையின் வேலையை நீர் செய்தது.

ஆரையம்பதியில் நின்று நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே தென்னையும் மணலுமாய் ஒடுங்கிக் கிடக்கும் நிலம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி நாட்டை இரண்டாக வகுக்கின்றது. கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையில் வயல், எழுவான்கரையில் மீனும் தெங்கும் நெசவும். ஒரு கரையின் நெல் மறுகரைக்கு வர வேண்டுமாயின் நீரைக் கடந்தே வர வேண்டும். ஆரையம்பதிக்கு அருகேயுள்ள மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, மக்கள் தோணியையும் ‘பாதை’ எனப்படும் மிதவையையுமே நம்பியிருந்தனர். உலகநாச்சி என்னும் அரசி இம்மண்முனையில் இருந்து ஆண்டாள் என்பது மட்டக்களப்பு மான்மியம் போற்றிவைத்த மரபு. துறையை ஆள்பவர் நாட்டை ஆள்வர் என்பதை அம்மரபும் உணர்த்துகின்றது.

துறையின் பெருமையை உள்நாட்டு மன்னரும் நன்கு அறிந்திருந்தனர். மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் போர்த்துக்கேயர் கைப்பற்றிய பின்னர், மலைநாட்டுக் கண்டி இராச்சியத்துக்கு உலகத்தோடு தொடர்புகொள்ள எஞ்சியிருந்த வாயில்கள் கீழ்க்கரைத் துறைகளே. ஒல்லாந்தக் கடலோடியாகிய யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். இவ்வாயில்களை அடைக்க எண்ணிய போர்த்துக்கேயர், 1624இல் திருகோணமலையிலும் 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை அமைத்தனர். மட்டக்களப்பில் அவர்கள் தெரிந்தெடுத்த இடம் வாவியின் நடுவே கிடந்த புளியந்தீவு. கண்டி மன்னனுக்கு அது தன் குரல்வளையிலே வைத்த கையாகத் தோன்றியிருத்தல் வேண்டும்.

அக்கையை அகற்றுதற்கு இரண்டாம் இராசசிங்கன் வேறொரு கையை நாடினான். சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலே வாணிகம் நடத்திய ஒல்லாந்தருக்கு 1636இல் அவன் திருமுகம் விடுத்தான். 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கன்னொறுவைப் போரில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மேலோவும் அவன் படையும் அழிந்தனர். அடுத்துவந்த மே மாதத்தில், அதாம் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கப்பற்படையும் மன்னனின் படையும் மட்டக்களப்பிலே ஒன்றுகூடின. தீவுக் கோட்டையை நோக்கிப் பீரங்கிகள் முழங்கின. மே 18ஆம் நாள் கோட்டை பணிந்தது. இலங்கையில் ஒல்லாந்தரிடம் போர்த்துக்கேயர் இழந்த முதற் கோட்டை இதுவே. கட்டி முடித்துப் பத்தாண்டுகளே சென்றிருந்தன.

கோட்டை விழுந்த ஐந்தாம் நாள், மே 23இல், மட்டக்களப்பிலேயே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்ச் செலவை மன்னன் ஏற்பது. கறுவா முதலிய பொருள்களின் வாணிகத்தை ஒல்லாந்தருக்கே உரித்தாக்குவது. இவ்வாறு பல விதிகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று, கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருப்பது பற்றியது. மன்னனிடம் இருந்த படியிலே, ‘மன்னன் விரும்பினால்’ என்ற கருத்துடைய தொடர் அவ்விதியில் இருந்தது. ஒல்லாந்தர் தம்மிடம் வைத்திருந்த படியிலோ அத்தொடர் இல்லை. வரலாற்றாசிரியர் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவர். ஒரு சிறு தொடர். ஆனால் கோட்டைகள் யாருக்கு உரியவை என்ற வினா முழுவதும் அதிலே தங்கியிருந்தது.

அதன் விளைவை நாடு விரைவிற் கண்டது. கறுவா விளையாத கீழ்க்கரையின் மட்டக்களப்பையும் திருகோணமலையையும் ஒல்லாந்தர் மன்னனிடம் ஒப்படைத்தனர். கறுவாக் காடுகளுக்கு அண்மையிலிருந்த காலியை 1640இல் பிடித்தபோது, அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். காலியை வென்ற வில்லெம் கொஸ்டர் அதே ஆண்டில் கண்டியிலிருந்து திரும்பும் வழியிலே கொல்லப்பட்டான். 1656இல் கொழும்பு வீழ்ந்தது. அதுவும் மன்னன் கைக்கு வரவில்லை. பின்னர் ஒல்லாந்தர் மட்டக்களப்புக்கும் மீண்டு வந்து கோட்டையைத் திருத்திக் கட்டினர். இறுதியில் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் கண்டி அரசு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஒரு பகைவனை விரட்ட வேறொருவனை அழைத்த கதையின் முதல் ஏடு புளியந்தீவிலே எழுதப்பட்டது எனலாம்.

இன்று ஆரையம்பதியிலிருந்து அக்கோட்டையைக் காணச் செல்வோர், வடக்கு நோக்கிக் காத்தான்குடியையும் நாவற்குடாவையும் கடந்து கல்லடியை அடைவர். முத்தமிழ் வித்தகர் விபுலாநந்த அடிகள் துயில்கொள்ளும் இடம் அங்கே உள்ளது. அப்பால் இரு பாலங்கள் அருகருகே வாவியைக் கடக்கின்றன. ஒன்று, ஆளுநர் மனிங் அவர்களின் துணைவியார் பெயரால் வழங்கும் பழைய இரும்புப் பாலம். மற்றது 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம். நிலவு காலும் இரவுகளில் பாடும் மீனின் ஒலி கேட்கும் என்று புகழ்பெற்ற நீர்ப்பரப்பு இதுவே. பாலத்தைக் கடந்து நகருட் புகுந்து, மற்றொரு சிறு பாலத்தையும் தாண்டினால் புளியந்தீவு.

கோட்டை பெரிதன்று. நான்கு மூலைகளிலும் நான்கு கொத்தளங்கள். இரு புறம் வாவி, மற்றை இரு புறம் அகழி. மதிலின் தடிப்பு ஏறக்குறைய ஆறு மீற்றர். பழைய வாயிலின் மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் மூவெழுத்து முத்திரை இன்னும் காணப்படுகின்றது. உள்ளே முற்றம், மணிக்கூண்டின் சிதைவு, வாவியை நோக்கியபடி பழைய பீரங்கிகள். 1795இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். அதன்பின் பகைவரை எதிர்நோக்கி இருந்த மதிலுக்குள், காலப்போக்கில் காணி உறுதியும் மனுவும் ஏந்திய மக்கள் நுழையலாயினர். கோட்டைக்குள்ளே கச்சேரி வந்தது. சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் அங்கேயே இயங்கியது. எழுவான்கரை உழைப்பாளிக்கும் படுவான்கரை உழவனுக்கும் ‘கோட்டைக்குப் போதல்’ என்பது போரைக் குறிக்கவில்லை. வழக்கையும் வரியையும் அனுமதிச் சீட்டையும் குறித்தது.

கோட்டையைச் சூழ்ந்த தீவும் காணத்தக்கதே. 1814இல் இங்கு வந்த வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய கல்விப் பணி, இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கின்றது. அவர் மறு ஆண்டே மறைந்தார், பள்ளி மறையவில்லை. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும், புனித மரியாள் பேராலயமும், ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலும் சிறு நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. பீரங்கிக் குண்டு பறந்த தீவிலே பாடசாலை மணியும் கோயில் மணியும் ஒலிக்கின்றன.

மலைக்கோட்டையை ஏறிக் காண்போர் அதன் உயரத்தை வியப்பர். புளியந்தீவுக் கோட்டையில் வியப்பதற்கு உயரம் இல்லை. ஆனால் எண்ணிப் பார்ப்பதற்கு ஒன்று உண்டு. ஆறு மீற்றர் மதிலும் அகழியும் எவரையும் நிலையாகக் காத்ததில்லை. கட்டியவரும் பிடித்தவரும் ஒருவர் பின் ஒருவராய்ப் போயினர். ஒரு தொடரைச் சரிபாராது விட்டதால் ஓர் அரசு தன் கரைகளையே இழந்தது. கையெழுத்திடும் முன் எழுத்தைப் படி என்று ஊர் முதியோர் சொல்லும் அறிவுரையை, வாவிக்கரைக் கல்மதில் நாநூறு ஆண்டுகளை அணுகும் இந்நாளிலும் வாய்திறவாமல் சொல்லிக்கொண்டே நிற்கின்றது.