பொதுக்குழாயடியிலிருந்து கழுவுதொட்டி வரை

1896ஆம் ஆண்டு வணிகர் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் 'லயம்' எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தன. பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயடியே அவர்கள் பாத்திரம் துலக்கும் இடமாக இருந்தது; அடுப்புச் சாம்பல், தேங்காய்நார், பித்தளைக்குப் புளி ஆகியவையே துலக்கும் பொருள்களாயின. அவ்வேலையின் சுமை, பால்வெட்டுக்குப் போய்த் திரும்பிய பெண்களின் மேலேயே விழுந்தது என்பதை மறந்துவிடலாகாது.

மலேசியாவில் இத்தகைய தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. 1990இல் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டங்களைவிட்டு நகர்ப்புற வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர், நின்றபடியே கழுவ உதவும் துருவேறா எஃகுத் தொட்டியை, மலாய் வழக்கில் 'சிங்கி' எனப்படுவதை, பழகிக்கொண்டனர்.

அவ்வெஃகில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த வகையைத் தேர்வதே நலம். ஏனெனில் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாக்கும் மெல்லிய படலமே துருவைத் தடுக்கிறது. சுட்ட மீனுக்குப் பெயர்பெற்ற, மலாக்காவின் உம்பாய் போன்ற கடலோர ஊர்களிலோ, உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். ஆகவே மீனும் பெலாச்சான் எனும் இறால் விழுதும் புழங்கிய தொட்டியை உடனே அலசித் துடைப்பதும், இரும்பு நாரைத் தவிர்த்துப் பழைய தேங்காய்நாரையே மென்மையாகப் பயன்படுத்துவதும் அதன் ஆயுளை நீட்டிக்கும்.